பெண்களுக்கு ஸ்டேட்டின் வேலை செய்யாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு நாலு கேள்வி எடுக்கலாம்னுதான் இருந்தேன். முதல் கேள்வியைத் தாண்டவே முடியலை, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதனால இது ஒண்ணுதான். மத்தவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

ஸ்டேட்டின்ங்கிற, கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மாத்திரைகள் பத்தி ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். “எனக்கு வயசு 57. மாதவிடாய் நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு. சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை எதுவும் இல்லை. எல்.டி.எல். 162. டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் 10 எழுதிக் கொடுத்திருக்கார். என் தம்பிக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சு, அவனும் இதே மாத்திரையை 40 மில்லிகிராம் போடறான். இதையெல்லாம் ஆம்பளைங்களை வெச்சுத்தான் சோதிச்சாங்க, பொம்பளைங்களுக்கு வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே, உண்மையா? நான் போடலாமா, வேண்டாமா?”

எல்.டி.எல்.னா கெட்ட கொலஸ்ட்ரால்; அடோர்வாஸ்டாட்டின் ஒரு வகை ஸ்டேட்டின். சரி, அவங்க கேள்விப்பட்டதுல பாதி உண்மை. அந்தப் பாதி ரொம்பப் பெரிய உண்மைங்கிறதுதான் சிக்கல். அதை முதல்ல ஒத்துக்கிட்டுப் பேசுவோம்.

கொலஸ்ட்ராலைக் குறைச்சா மாரடைப்பு குறையுமான்னு பார்த்த ஆரம்பகால ஆய்வுகளை எடுத்துப் பாருங்க. 1984-ல முடிவு வந்த கொலஸ்டிரமின் மருந்து ஆய்வு: 3,806 பேர், அத்தனை பேரும் ஆண்கள். 1987-ல ஹெல்சிங்கி ஆய்வு, ஜெம்ஃபைப்ரோசில் மருந்து: 4,081 பேர், அத்தனையும் ஆண்கள். ஸ்டேட்டின் வந்த பிறகும், 1995-ல ஸ்காட்லாந்துல நடந்த வோஸ்காப்ஸ்: 6,595 பேர், ஒரு பொம்பளை கூட இல்லை. அதுக்கு முந்தின வருஷம் வந்த 4எஸ் ஆய்வுல 4,444 பேர்ல 827 பேர் பெண்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிசு.

ஏன் இப்படி? பொம்பளைங்களை மறந்துட்டாங்கன்னு ஒரே வரியில முடிச்சுடலாம். ஆனா உள்ளே ஒரு கணக்கும் இருக்கு. ஆய்வு முடிவு சொல்லணும்னா ஆட்கள் எண்ணிக்கை மட்டும் போதாது, நிகழ்வு வேணும். அதாவது மாரடைப்பு நடக்கணும். நடுத்தர வயசு ஆண்களுக்கு அது சீக்கிரம் வருது; பெண்களுக்குச் சராசரியா ஏழிலிருந்து பத்து வருஷம் தள்ளி வருது. 50 வயசுப் பெண்களைச் சேர்த்தா அஞ்சு வருஷம் காத்திருந்தும் எண்ணறதுக்கு ஆள் தேறாது. அதோட, 1977-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறக்கூடிய வயசுல இருக்கிற பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகள்ல சேர்க்காதீங்கன்னு வழிகாட்டுதல் போட்டது. 1993-லதான் அதை மாத்தினாங்க.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை சொல்லாம நகர முடியாது. ‘பொம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கு, அதான் மாரடைப்பு தள்ளி வருது’ன்னு எல்லாரும் சொல்லுவாங்க இல்லையா? அப்படின்னா அந்த ஈஸ்ட்ரோஜனை ஆம்பளைங்களுக்கே கொடுத்துப் பார்த்தா என்னன்னு ஒரு யோசனை வந்தது. யோசனையோட நிக்கலை, நிஜமாவே கொடுத்தாங்க. 1960-கள்ல கரோனரி டிரக் பிராஜெக்ட்னு ஒரு ஆய்வு. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 ஆண்கள். அதுல ஒரு குழுவுக்கு தினமும் 5 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன், இன்னொரு குழுவுக்கு 2.5. என்ன ஆச்சு? 5 மில்லிகிராம் குழுவுல மாரடைப்பு கூடிடுச்சு, நடுவுலேயே நிறுத்திட்டாங்க. அப்புறம் 2.5-ஐயும் நிறுத்தினாங்க. சரி, ஆம்பளைங்களுக்குத்தான் ஒத்துக்கலை, பொம்பளைங்களுக்காவது உதவுமான்னு 1998-ல வந்த ஹெர்ஸ் ஆய்வு பார்த்தது. இதய நோய் இருக்கிற, மாதவிடாய் நின்ன 2,763 பெண்கள். ஹார்மோன் கொடுத்து நாலு வருஷம் பார்த்தும் மொத்தத்துல பலன் இல்லை. முதல் வருஷத்துல மாரடைப்பு கூடத்தான் செஞ்சது. கேட்க எவ்வளவு நியாயமா இருந்தாலும், எண்ணிப் பார்க்கற வரைக்கும் அது வெறும் ஊகம். ‘பொம்பளைங்களுக்கு வேலை செய்யாது’ங்கிறதும் அப்படித்தான். வாங்க, எண்ணுவோம்.

அந்த வதந்தி எங்கேருந்து வருதுன்னு காட்டறேன். 2003-ல ஆஸ்காட்னு ஒரு ஆய்வு. ரத்த அழுத்தம் இருக்கிற 10,305 பேர். பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். கேள்வி கேட்ட அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த அதே மாத்திரை, அதே அளவு. மொத்தமா, மாத்திரை போட்டவங்கள்ல 100 பேருக்கு மாரடைப்பு, போடாதவங்கள்ல 154 பேருக்கு. நல்ல பலன் தெரிஞ்சதால சீக்கிரமே நிறுத்திட்டாங்க. இப்போ பெண்களை மட்டும் பிரிச்சுப் பாருங்க. 1,942 பெண்கள். மாத்திரை போட்டவங்கள்ல 19 பேர், போடாதவங்கள்ல 17 பேர். ‘பார்த்தீங்களா, பொம்பளைங்களுக்குக் கூடத்தான் செஞ்சிருக்கு!’ இதை ஒரு படமாப் போட்டு எத்தனையோ பேர் சுத்த விட்டிருக்காங்க.

கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ரெண்டையும் கூட்டினா 36. மூணு வருஷத்துல, ஏறக்குறைய ரெண்டாயிரம் பெண்கள்ல, 36 நிகழ்வு. இதுல ஒரு ரெண்டு பேர் இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிருந்தா கதையே மாறியிருக்கும். புள்ளியியல்ல நம்பக இடைவெளின்னு சொல்லுவோம், பழைய பேச்சுகளைப் பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உண்மையான பதில் எந்த எல்லைக்குள்ள இருக்கலாம்னு சொல்ற வீச்சு அது; 1-னா மாத்திரை போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான். இங்கே அது 0.57-லேருந்து 2.12 வரைக்கும் நீளுது. தமிழ்ல சொன்னா: இந்த மாத்திரை பெண்களுக்கு மாரடைப்பைக் கிட்டத்தட்ட பாதியாக்கலாம், ரெண்டு மடங்காவும் ஆக்கலாம், எங்களுக்குத் தெரியலைன்னு ஆய்வே கையை விரிக்குது. ‘தெரியலை’ங்கிறதை ‘வேலை செய்யலை’ன்னு படிச்சா அது படிக்கிறவங்க தப்பு.

எண்ணிக்கை போதலைன்னா என்ன பண்ணணும்? எல்லா ஆய்வையும் ஒண்ணாக் கொட்டி எண்ணணும். அதைத்தான் சி.டி.டி.ன்னு சொல்ற கூட்டு ஆய்வுக் குழு செஞ்சது, 2015-ல லான்செட் இதழ்ல வந்தது. 27 ஆய்வுகள், 1,74,149 பேர், அதுல 46,675 பேர் பெண்கள். தனித்தனி ஆளோட தகவலையே வாங்கிக் கணக்குப் போட்டாங்க. எல்.டி.எல். ஒரு மில்லிமோல் இறங்கினா, அதாவது நம்ம ரிப்போர்ட்ல வர்ற அளவுல சுமார் 39 இறங்கினா, மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஆண்களுக்கு 22 சதவீதம் குறைஞ்சது, பெண்களுக்கு 16 சதவீதம். ‘பாருங்க, குறைச்சல்தானே’ன்னு அவசரப்படாதீங்க. ஆய்வுல சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. வயசு வேற, சர்க்கரை, பிரஷர் வேற, ஏற்கெனவே இருந்த நோய் வேற. அதையெல்லாம் சரிக்கட்டிப் பார்த்தப்போ ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பற மாதிரி வித்தியாசம் இல்லை. எந்தக் காரணத்தாலும் இறக்கறதுங்கிற கணக்குல ஆண்களுக்கு 10 சதவீதம், பெண்களுக்கு 9 சதவீதம் குறைவு. கொலஸ்ட்ராலை இறக்கறதும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். மாத்திரைக்கு ஆண், பெண் பேதம் தெரியாது. அது போய் உட்கார்ற இடம் கல்லீரல்ல இருக்கிற ஒரு நொதி. அந்த நொதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அப்போ கேள்விக்குப் பதில் முடிஞ்சுதா? முடியலை. நான் வழக்கமாச் சொல்ற இடத்துக்கு இப்பத்தான் வந்திருக்கேன். சதவீதத்தைப் பார்த்த உடனே என்ன கேட்கணும்? ஆமாம், எத்தனை பேர்ல எத்தனை பேர்?

2008-ல வந்த ஜூபிடர் ஆய்வு. ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். இதய நோய் இல்லாத, ஆனா சி.ஆர்.பி.ங்கிற அழற்சி அளவு கூடுதலா இருக்கிறவங்க 17,802 பேர். அதுல பெண்கள் 6,801 பேர், எல்லாரும் 60 வயசு தாண்டினவங்க. பெண்கள்ல, போலி மாத்திரை, அதாவது பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை, போட்டவங்கள்ல மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி 70 நிகழ்வு, மருந்து போட்டவங்கள்ல 39. ஆண்கள்ல 181-க்கு 103. சதவீதம் போட்டா பெண்களுக்கு 46 குறைவு, ஆண்களுக்கு 42. பெண்களுக்குத்தான் கூடுதல் பலன்! இந்த ஒரே ஆய்வை வெச்சு ‘ஸ்டேட்டின் பெண்களுக்குத்தான் ஜாஸ்தி வேலை செய்யும்’னு நான் ஒரு வீடியோ போடலாம், நல்லா ஓடும்.

இப்போ நம்ம கேள்வி: எத்தனை பேர்ல? பெண்கள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3,400 பேர். ஆயிரம் பேருக்குன்னு பார்த்தா 20 பேர் இருந்த இடத்துல 11 பேர். தப்பிச்சவங்க 9 பேர். ஆண்கள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5,500. ஆயிரத்துக்கு 33 இருந்த இடத்துல 19. தப்பிச்சவங்க 14 பேர். கவனிச்சீங்களா? சதவீதம் பெண்களுக்குக் கூட, தலைக்கணக்கு ஆண்களுக்குக் கூட. ரெண்டுமே உண்மை. சதவீதம் மருந்தோட குணம். தலைக்கணக்கு அந்த ஆளோட ஆபத்தைப் பொறுத்தது.

அக்கா தம்பிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இப்போ சொல்ற ஆபத்து எண்கள் கணக்குக்காக நானா வெச்சுக்கறது, அவங்க ரிப்போர்ட் இல்லை. அக்கா மாதிரி 100 பேர்ல, பத்து வருஷத்துல 4 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும்னு வெச்சுக்குவோம். தம்பி ஏற்கெனவே அடி வாங்கினவர். அவர் மாதிரி 100 பேர்ல 30 பேருக்கு மறுபடி வரும்னு வெச்சுக்குவோம். அடோர்வாஸ்டாட்டின் 10 போட்டா எல்.டி.எல். மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல இறங்கும். 162 போய் 105 பக்கம் வரும். கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமோல். அதுக்கு ஆபத்து சுமார் 30 சதவீதம் குறையும். தம்பிக்கும் பேச்சுக்கு அதே 30-ஐ வெச்சுப் பாருங்க. அக்கா பக்கம் நாலு, மூணை ஒட்டி வருது: நூத்துல ஒருத்தர் தப்பறாங்க. தம்பி பக்கம் முப்பது, இருபத்தொண்ணாகுது: நூத்துல ஒன்பது பேர் தப்பறாங்க. அதே மாத்திரை, அதே 30 சதவீதம்! தம்பிக்கு இருக்கிற அவசரம் அக்காவுக்கு இல்லைன்னா, அவங்க பெண்ணா இருக்கிறது காரணமில்லை. அவங்க இன்னும் அடி வாங்கலை, அதான் காரணம். அடி வாங்கின பெண்ணுக்குத் தம்பிக்கு இருக்கிற அதே அவசரம் இருக்கு. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நடைமுறையில இங்கேதான் தப்பு நடக்குது. மாரடைப்பு வந்த பெண்களுக்கு முழு வீச்சு டோஸ் எழுதறது ஆண்களை விடக் குறைவு. முழு வீச்சுன்னா அடோர்வாஸ்டாட்டின் 40, 80. ரோசுவாஸ்டாட்டின் 20, 40. எழுதினாலும் பாதியில விட்டுடற பெண்கள் அதிகம்.

ஏன் விடறாங்க? பெரும்பாலும் தசை வலி. இதுல பெண்களுக்கு நிஜமாவே ஒரு வித்தியாசம் இருக்கு, மழுப்ப வேண்டாம். உடம்பு எடை குறைவு, தசை குறைவு. அதே மாத்திரைக்கு ரத்தத்துல மருந்தோட அளவு கூடுதலா நிக்குது. வயசான, மெலிஞ்ச பெண்கள் ரொம்பவே கவனிக்கணும். ஆனா எல்லா வலியும் மாத்திரை வலி இல்லை. மாத்திரையால வர்ற வலி ரெண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு, ஆடுசதை மாதிரி பெரிய தசைகள்ல வரும். ஆரம்பிச்சோ டோஸ் ஏத்தியோ சில வாரத்துல வரும். வலது முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது வலிக்குதுன்னா அதுக்கு ஸ்டேட்டின் மேல பழி போடாதீங்க.

2020-ல சாம்சன்னு ஒரு அழகான ஆய்வு. பக்கவிளைவால ஸ்டேட்டினை விட்ட 60 பேருக்கு ஆளுக்கு 12 பாட்டில், மாசத்துக்கு ஒண்ணு. நாலுல அடோர்வாஸ்டாட்டின் 20, நாலுல போலி மாத்திரை, நாலு வெறும் பாட்டில். தினமும் தொந்தரவுக்கு மார்க் போடணும், நூத்துக்கு எவ்வளவுன்னு. வெறும் பாட்டில் மாசங்கள்ல சராசரி 8. ஸ்டேட்டின் மாசங்கள்ல 16.3. போலி மாத்திரையில? 15.4. அந்த வலி பொய் இல்லை, வலிச்சது வலிச்சதுதான். மாத்திரை முழுங்கறோம்ங்கிற நினைப்பே அதுல பெரும்பங்கைக் கொண்டு வந்துடுது. முடிவைக் காட்டின பிறகு அவங்கள்ல பாதிப் பேர் திரும்ப மாத்திரையை ஆரம்பிச்சாங்க.

வலி வந்தா, சொல்லாமக் கொள்ளாம நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட போனா சி.கே.ங்கிற, தசை பாதிப்பைக் காட்டற ரத்தப் பரிசோதனை பார்ப்பாங்க; மேல்வரம்பை விடப் பத்து மடங்கு தாண்டினா உடனே நிறுத்தணும். சிறுநீர் கருப்பாப் போனா அன்னைக்கே போங்க. மத்தபடி ரெண்டுலேருந்து நாலு வாரம் நிறுத்திப் பார்த்து, வலி போனதும் குறைஞ்ச டோஸ்லயோ வேற ஸ்டேட்டின்லயோ ஆரம்பிப்பாங்க. அதோட தைராய்டு பார்த்தாங்களான்னு கேளுங்க. தைராய்டு குறைவு பெண்களுக்குத்தான் அதிகம், அது எல்.டி.எல்.-ஐயும் ஏத்தும், ஸ்டேட்டின் போட்டா தசை வலியையும் கூட்டும். டி.எஸ்.எச்.ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காம கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை ஆரம்பிக்கறது, அடுப்பை அணைக்காம பொங்குற பாலை ஊதறது மாதிரி. எந்த ஸ்டேட்டினும் ஒத்துக்கலைன்னாலும் வழி இருக்கு. எசெட்டிமைப் 10 மில்லிகிராம் எல்.டி.எல்.-ஐ அஞ்சுல ஒரு பங்கு குறைக்கும். பெம்பிடாயிக் ஆசிட்னு ஒண்ணு, அதை மருந்தா மாத்தற நொதி தசையில கிடையாது, அதனால தசையில அது வேலை காட்டாது. 2023-ல வந்த அதோட ஆய்வுல 13,970 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். வோஸ்காப்ஸோட ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு தலைமுறை ஆயிருக்கு.

சர்க்கரை பத்தியும் கேட்பீங்க. ஜூபிடர்ல புதுசா சர்க்கரை வந்தவங்க மருந்துப் பக்கம் 270, போலிப் பக்கம் 216. கூடுதல் பெண்கள் பக்கம்தான் தூக்கலா இருந்தது. பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்புல நின்னவங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஹெச்.பி.ஏ.1.சி., அதாவது மூணு மாசச் சராசரிச் சர்க்கரை, பார்த்து வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

சரி, இந்த அம்மா ‘வேலை செய்யுமா’ன்னு கேட்டாங்க. நான் அவங்ககிட்ட கேட்க ஆசைப்படறது வேற. தம்பிக்கு மாரடைப்பு எந்த வயசுல வந்தது? அக்காவுக்கு 57-ன்னா தம்பி அதுக்குக் கீழதான். அப்பா, அண்ணன் தம்பிக்கு 55-க்கு முன்னாடியோ, அம்மா, அக்கா தங்கைக்கு 65-க்கு முன்னாடியோ வந்திருந்தா அது குடும்ப ஆபத்துன்னு கணக்கு. அவங்க கேள்வியிலேயே முக்கியமான தகவல் அதுதான், ஆனா மாத்திரை அளவு சொல்றதுக்காகப் போற போக்குல சொல்லிட்டுப் போயிருக்காங்க.

அடுத்து, பிரசவக் கதை. கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீர்ல புரதம் போச்சா? பிரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்துல இதய நோய் ஆபத்து சுமார் ரெண்டு மடங்கு. முப்பது வருஷம் முன்னாடி நடந்ததை இன்னைக்கு கொலஸ்ட்ரால் பார்க்கிற டாக்டர் கேட்காம விட்டிருக்கலாம், நீங்களாச் சொல்லணும். கர்ப்பகாலச் சர்க்கரையும் அப்படித்தான். மாதவிடாய் 40-க்கு முன்னாடியே நின்னிருந்தா அதுவும். இவங்களுக்கு 52-ல நின்னிருக்கு, அது சாதாரணம். ஆனா மாதவிடாய் நிக்கிற அந்த ஒரு வருஷத்துலேயே எல்.டி.எல். சராசரியா 10 பக்கம் ஏறிடும். அதனால 45 வயசு ரிப்போர்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு ‘எனக்கு எப்பவும் நார்மல்தான்’னு இருக்க முடியாது.

இந்த அம்மாவோட 162-க்கும் ஒரு அர்த்தம் இருக்கு. 160-லேருந்து 189 வரைக்கும் தொடர்ந்து இருந்தா, வழிகாட்டுதல்கள்ல அதையே ஆபத்தைக் கூட்டற காரணமா எடுத்துக்கறாங்க. 190 தாண்டினா கணக்கே போட வேண்டாம், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயான்னு பார்த்து மாத்திரை. இந்த எண்ணும் தம்பியோட வயசும் சேர்ந்தா, நான் போட்ட ‘நூத்துல நாலு’ போதாமப் போகலாம். அதனால டாக்டர் எழுதினது எனக்குத் தப்பாப் படலை. இன்னும் மனசு ஒப்பலைன்னா, கரோனரி கால்சியம் ஸ்கேன், அதாவது இதய ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்கான்னு பார்க்கிற ஸ்கேன், எடுக்கலாமான்னு கேளுங்க. பூஜ்ஜியம் வந்தா, சர்க்கரை, சிகரெட் இல்லாதவங்க கொஞ்ச வருஷம் தள்ளிப் போடறதுல நியாயம் இருக்கு; ஆனா தம்பிக்குச் சின்ன வயசுலேயே வந்திருந்தா அந்தப் பூஜ்ஜியத்தை முழுசா நம்பிடாதீங்க. கால்சியம் இருந்துச்சுன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சுடும், மாத்திரை போட வேண்டியதுதான்.

இளம் வயசுல ஸ்டேட்டின் போடற பெண்கள் இதைப் பார்த்தா: குழந்தைக்குத் திட்டம் போடும்போதே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, பொதுவா நிறுத்தச் சொல்லுவாங்க. தெரியாமப் போட்டுக்கிட்டே கர்ப்பம் ஆயிட்டா பதறாதீங்க. 2021-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ‘கர்ப்பத்துல அடியோட கூடாது’ங்கிற வாசகத்தை எடுத்துடச் சொல்லிடுச்சு. நிறுத்திட்டுப் போய்ப் பார்த்தாப் போதும்.

கடைசியா, அந்த அம்மா கேள்விக்குக் கீழே குட்டியா ஒண்ணு சேர்த்திருக்காங்க, “ராத்திரிதான் போடணுமா?” அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்புல ரொம்ப நேரம் நிக்கும், காலையோ ராத்திரியோ, உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அது. சிம்வாஸ்டாட்டின்தான் ராத்திரி. ஆரம்பிச்சு நாலுலேருந்து பன்னிரண்டு வாரத்துக்குள்ள திரும்ப ரத்தம் கொடுத்துப் பாருங்க. 162 அப்படியே 158-ல நின்னா, மருந்து பொம்பளைங்களுக்கு வேலை செய்யலைன்னு எனக்கு எழுதறதுக்கு முன்னாடி, அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க.